ஐந்தாவது ரேஸும் உன் குதிரையின் இடது முன்னங்காலும்

வியாழக்கிழமை, மார்ச் 12, காலை மணி பத்து இருபது. நாளை மறுநாள் உங்கள் மைதானத்தில் ஏழு ரேஸ், அறுபத்துமூன்று குதிரை. அதில் ஒன்றின் முதுகில் நீ.

அன்புள்ள பாப்பா,

பத்தொன்பது வயது ஜாக்கியைப் பாப்பா என்று கூப்பிடக்கூடாது என்று போன முறையே சண்டை போட்டாய், இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள். நலமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க எனக்கு நேரமில்லை, அதனால் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இங்கே அம்மா நலம், தம்பி நலம். எனக்குத்தான் திங்கட்கிழமையிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ரேஸுக்கு முன்னால் பயிற்சி ஜாக்கிகளின் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டும் உங்கள் விடுதிச் சட்டம் நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை, ரேஸ் முடியும்வரை விடுதிப் போனிலும் உன்னைக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வழியில்லாமல் காகிதத்துக்கு வந்திருக்கிறேன். குதிரை ஏற்றும் லாரி ஓட்டும் ஹாரன் அண்ணன் (குதிரை மிரளும் என்று ஆயுசுக்கும் ஹாரன் அடிக்காதவருக்கு அந்தப் பெயர் வைத்தவன் கில்லாடி) இன்று பன்னிரண்டு மணிக்கு நாலு குதிரையோடு அங்கே கிளம்புகிறார், நாளை சாயங்காலம் உன் கையில் சேர்த்துவிடுவார். வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று தெரியும். வார்டன் சார், தாராளமாகப் படியுங்கள், நான் இங்கே ஸ்டார்ட்டிங் கேட்டை, குதிரைகள் கிளம்பும் அந்தக் கூண்டு வரிசையை, பராமரிக்கும் மெக்கானிக், எனக்கும் பந்தயம் கட்ட அனுமதியில்லை, இவளுக்கும் இல்லை, இதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை. படித்து முடித்ததும் கொடுத்துவிடுங்கள், அது போதும்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஊரார் கேட்டுக்கெல்லாம் எண்ணெய் போடுறவர் வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போட முடியலையா என்று அம்மா தினமும் கேட்கிறாள், நியாயமான கேள்விதான். தம்பி கணக்கில் தேறிவிட்டான், ஆங்கிலத்தில் கவிழ்ந்துவிட்டான், கேட்டால் ரெண்டுல ஒண்ணு பாஸ்னா அம்பது சதவீதம்ப்பா என்கிறான். அம்மாவுக்குத் தையல் வேலை குவிந்து கிடக்கிறது, இந்த சீசனுக்கு மட்டும் பதினோரு லாயங்களின் ஜாக்கிச் சட்டை. அவளும் ரேஸ் கணிக்கிறாள் என்று உனக்குத் தெரியும். நான் வீடியோ பார்த்து, எடை பார்த்து, தூரம் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன், அவள் சட்டைத் துணியைத் தடவிப் பார்த்துச் சொல்கிறாள். நல்ல சாட்டின் வாங்குறவன் நல்ல தீவனமும் போடுவான், மட்டத் துணியில ரெண்டு மீட்டரை மிச்சம் பிடிக்கிறவன் குதிரை வயித்துலயும் மிச்சம் பிடிப்பான், இவ்வளவுதான் அவள் சாஸ்திரம். போன மாதம் என்னைவிட அவள்தான் அதிகம் சரியாகச் சொன்னாள். அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். முதல் ரேஸ், ஆயிரம் மீட்டர், சேஃப்டி பின். போன குளிர்காலத்தில் இங்கே ஓடிய குதிரை, என் கூண்டுக்குள் அது நிற்பதைப் பார்த்திருக்கிறேன், தலை நேராக, பாரம் முழுக்கப் பின்னங்காலில், கதவில் கரண்ட் போய்க் காந்தப் பூட்டு விட்டதும் வெளியே இருக்கும். ஆயிரம் மீட்டரில் கதவிலேயே பாதி ரேஸ் முடிந்துவிடும். இரண்டாவதில் லேட் ஃபீஸ், பெயருக்கேற்ற மாதிரி எல்லாவற்றுக்கும் தாமதம், ஆனால் உங்கள் மைதானத்தின் கடைசி நேர்ப்பாதை நீளம், அது கண்ணைத் திறக்க இடம் இருக்கிறது. மூன்றாவதை விட்டுவிடு, ஒன்பதும் ஒன்றுக்கொன்று சளைக்காத சோம்பேறிகள், பத்தாவதாக நான் ஓடினால் எனக்கே வாய்ப்பு உண்டு. நான்காவதில் சண்டே சூட், அறுபது கிலோ சுமந்தாலும் அதுதான், நாளின் உறுதியான குதிரை, இதில் மட்டும் அம்மாவும் நானும் ஒரே பக்கம். ஆறாவதில், பேப்பரில் ரேஸ் கணிப்பு எழுதும் பேப்பர் காரர் சொல்கிற வெள்ளைக் குதிரை வேண்டாம், அது கேட்டுக்குள் போவதற்குள்ளேயே வியர்த்துக் கொட்டிவிடும், கடைசி எண் கூண்டில் நிற்கும் காப்பர் ஒயரைப் பார். ஏழாவதை இன்னும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஐந்தாவதைத் தாண்டி மனம் போகமாட்டேன் என்கிறது, ஆறாவதை எழுதியதே வீம்புக்கு.

ஐந்தாவது, ஆயிரத்து நானூறு மீட்டர், ஓப்பன் விண்டோ, நீ. பேப்பர் காரர் அதற்குத்தான் அன்றைய சிறந்த குதிரை என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார். ஐம்பத்தேழு கிலோ சுமக்க வேண்டியது, பயிற்சி ஜாக்கி என்பதால் உனக்காக மூன்று கிலோ குறைகிறது, போன ரேஸில் ஜெயித்த குதிரை, வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார். அம்மாவும் உங்கள் லாயத்துச் சட்டைத் துணி முதல் தரம் என்கிறாள். நீ இரண்டு வருடம் அடுத்தவர் குதிரையைக் குளிப்பாட்டி, காலை நாலரைக்கு எழுந்து ஓட்டிப் பழக்கி, கிடைத்ததெல்லாம் கடைசியில் வரும் குதிரையாகவே ஏறி, இப்போதுதான் முதன்முதலாக ஜெயிக்கக்கூடிய ஒன்று கிடைத்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன், என்னைத் திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

திங்கட்கிழமை அதன் கடைசி மூன்று ரேஸ் வீடியோவையும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். உங்கள் மைதானம் வலப்பக்கம் திரும்பும் மைதானம், வளைவில் குதிரை வலது முன்னங்காலை முந்திப் போட்டு ஓடும், நேர்ப்பாதைக்கு வந்ததும் இடதுக்கு மாற்றும், அப்போதுதான் களைத்த காலுக்கு ஓய்வு. இது உனக்குத் தெரிந்ததுதான், எழுதினால் எனக்குத் தெளிகிறது. முதல் இரண்டு ரேஸிலும் ஒழுங்காக மாற்றியது. ஜெயித்த ரேஸில் மாற்றவே இல்லை. கடைசிவரை வலதுகாலையே போட்டு, உள்வேலிப் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடி, ஒரு கழுத்தளவு முந்தி ஜெயித்தது. ஒரு காலை முந்திப் போட்டு ஓடினால் பாரமெல்லாம் அந்தக் காலில்தான் விழும். களைத்த பிறகும் ஒரு குதிரை பாரத்தை இடதுக்குக் கொடுக்கவில்லை என்றால் இடதில் ஏதோ இருக்கிறது. இதில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றுண்டு பாப்பா, இந்தத் தொழிலில் மட்டும்தான் செய்வார்கள். தோற்ற குதிரையின் காலைத்தான் தடவிப் பார்ப்பார்கள். ஜெயித்த குதிரைக்குக் கழுத்தில் தட்டிக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜெயித்த காலில் வலி இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

குதிரைகளைக் கேட்டுக்குள் தள்ளும் நம் பூட்டு அண்ணனிடம் காட்டினேன் (அவர் பிடித்தால் விடமாட்டார், அதனால் பூட்டு). மூணு வீடியோ பாத்ததும் டாக்டராயிட்டியாக்கும், ஒனக்குத் தெரிஞ்சது கிரீஸ் டப்பா, அதோட நில்லுடா என்றார். இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன். மறுபடி போடு என்றார். அப்புறம் பேச்சு மாறிவிட்டது, சும்மா இரு, பொண்ணுக்கு மொத நல்ல குதிரை, நீயே அவ வாயில மண்ணள்ளிப் போடாதே என்றார். அதாவது அவருக்கும் தெரிந்துவிட்டது. உன் ட்ரெய்னரின் உதவியாளருக்கு நேற்று போன் போட்டேன். யாரு, கேட் மெக்கானிக்கா, குதிரைக்கு எங்க சார் நட்டு கழண்டிருக்கு என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். மறுபடி போட்டால் வேறு மைதானத்து ஆள் குதிரையை நிறுத்தச் சொல்கிறான், உள்ளே என்ன விவகாரமோ என்று ஆகிவிடும், அந்தப் பழி உன் தலையில்தான் விழும். அதனால் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

குதிரையில் ஏறாதே என்று சொல்லவில்லை. வீடியோவில் பார்த்தது தப்பாக இருக்கலாம், கேமரா கோணம் ஏமாற்றும், எனக்குத் தெரியும். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை ஸ்டார்ட் இடத்துக்கு மெதுவாக ஓட்டிப் போகும்போது, நேர்ப்பாதையில், இடதுகாலை முந்திப் போடச் சொல்லிக் கேள். போட்டால் என் கணக்கு குப்பை, ஜெயித்துவிட்டு வா, ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். போடவில்லை என்றால் இன்னொரு தடவை கேள். அப்போதும் போடவில்லை என்றால் கேட்டுக்குப் பின்னால் நிற்கும் மிருக டாக்டரிடம் போய், இடது முன்னங்காலைப் பாருங்கள் சார் என்று சொல். அதற்குத்தான் அவரை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினாலு வருடமாகக் கேட்டுக்குப் பின்னால் நிற்கிறேன், ஜாக்கிகள் எத்தனை பேர் இங்கே எங்கள் டாக்டரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், வாயைத் திறந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். திறந்தவர்கள் மேல் அவர் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. உங்கள் டாக்டரும் கீழே இறங்கு என்பார், காலைப் பிடித்துப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். ஓடலாம் என்றால் ஓடு. அவர் படித்தவர், அவர் பேச்சுக்கு மேலே நான் பேசமாட்டேன்.

பொண்ணு பயந்துட்டா என்பார்கள். கண்டிப்பாகச் சொல்வார்கள். அடுத்த குதிரை கிடைக்க ஆறு மாதம் ஆகலாம், கிடைக்காமலே போகலாம், உன் ட்ரெய்னர் முகம் கொடுக்காமல் இருக்கலாம். ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்லித் தேற்ற எனக்கு வராது. ஆனால் நேர்ப்பாதையில், கூட்டத்துக்கு நடுவில், முழு வேகத்தில் ஒரு முன்னங்கால் மடங்கினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எழுத மாட்டேன். அம்மாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். ஒரு சட்டைக் கையைத் தைத்து முடித்தாள், நூலைப் பல்லால் கடித்தாள். எழுதுங்க, ஆனா உன்னால ஜெயிக்க முடியாதுன்னு மட்டும் எழுதிடாதீங்க, கோபத்துல கேட்காமப் போயிடுவா என்றாள். எழுதவில்லை பார். உன்னால் முடியும். குதிரையால் முடியுமா என்பதுதான் கேள்வி.

எடை குறைக்கிறேன் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி பட்டினி கிடக்காதே, ஐம்பத்து நாலு உனக்குச் சாதாரணமாகவே வரும். வாயைக் கொப்பளித்துத் துப்பாமல் தண்ணீரைக் குடி. புது பூட்ஸைப் போடாதே, பழசைப் போடு. டாக்டர் நிற்கும் இடம் கேட்டுக்கு இடப்பக்கம், மறக்காதே. கையும் காலும் முழுசாக, நூறு வயது இருந்து எங்களைத் திட்டிக்கொண்டே இரு. அம்மாவின் முத்தங்கள், தம்பி என்னமோ படம் வரைந்து பின்பக்கம் ஒட்டியிருக்கிறான், குதிரையா நாயா தெரியவில்லை.

உன் அவசரக்கார
அப்பா

பின்குறிப்பு. இனி நான் செய்யப்போவது:

1. மணி பதினொன்று நாற்பது, இதை ஹாரன் அண்ணன் சட்டைப் பையில் என் கையாலேயே வைத்துப் பொத்தானைப் போடுவேன்.

2. எட்டாம் எண் கூண்டின் காந்தப் பூட்டை மாற்றுவேன், அரை நொடி தாமதமாக விடுகிறது.

3. ஏழாவது ரேஸைப் பார்க்காமல் விடுவேன்.

4. சனிக்கிழமை உன் ஐந்தாவதும் எங்கள் நான்காவதும் ஒரே நேரம். போன் அலமாரியில் இருக்கும், நான் கேட்டுக்குப் பின்னால் இருப்பேன். பூட்டு அண்ணன் என்னைப் பார்க்கமாட்டார், நானும் அவரைப் பார்க்கமாட்டேன்.

5. முடிந்ததும் உன் விடுதிக்குப் போன் போடுவேன். யார் ஜெயித்தது என்று கேட்கமாட்டேன். நீயும் குதிரையும் நடந்து வந்தீர்களா என்று கேட்பேன்.