பதினான்காம் பக்கத்து மொட்டைமாடி

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இருந்தவரைக்கும் முகதாட்சண்யத்தில் பேசவில்லை. நீ போன பிறகு, செத்தவனைப் பற்றி இனி என்ன பேச்சு என்று பேசவில்லை. நேற்று கூரியரில் அந்த டீசர்ட் வந்த பிறகு இனிமேல் முடியாது என்று தோன்றிவிட்டது.

நம் ஊரில் எந்த விசேஷமானாலும் டீசர்ட் அடித்துக் கொடுத்தால்தான் நடந்த மாதிரி. உன் முதலாம் ஆண்டு நினைவுக்கும் உன் மாணவர்கள் அடித்திருக்கிறார்கள். கவரைக் கிழித்ததும் அச்சு மையின் ரப்பர் வாடை அறை முழுக்கப் பரவியது. விரித்துப் பார்த்தால் நெஞ்சுப் பக்கத்தில் செல்வி. மொட்டைமாடியில், துணிக்கொடிக்குக் கீழே கால்நீட்டி உட்கார்ந்து தலையை உலர்த்திக்கொண்டிருக்கிறாள். நான் வரைந்த செல்வி. அவளுடைய இடது கால் பெருவிரல் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். என் அக்காவின் காலைப் பார்த்துப் போட்டது. அந்தக் காலுக்குக் கீழே உன் கையெழுத்தை அச்சடித்திருந்தார்கள். கூடவே ஒரு கடிதம்: நினைவு மலருக்கு உங்கள் நண்பரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், புகைப்படமும் அனுப்புங்கள்.

இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். பொறுத்துக்கொள்ளட்டும்.

கட்டடக்கலை படித்த மூன்றாம் ஆண்டில் ஏதாவது ஒரு கட்டடத்தை அளந்து வரைந்து வரச் சொன்னார்கள். மற்றவர்கள் கோயில் மண்டபம், பழைய பங்களா என்று கிளம்பினார்கள். நீ வெள்ளகோவில் பக்கம் பெரிய தோட்டத்துப் பிள்ளை. நான் சாமளாபுரத்தில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவன். நாம் இருவரும் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்குப் போனோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு ஒற்றை அறைகள், பொதுவாக ஒரு குழாய். நீ டேப்பைப் பிடித்து அளந்து குறித்துக்கொண்டே போனாய். எனக்கு அளப்பதில் பொறுமையில்லை. அங்கே குடியிருந்த ஒரு பெண் கண்விழித்ததிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கிளம்புகிற வரைக்கும் செய்ததையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்தேன்.

குடத்தோடு அவள் கதவில் நுழைகிற ஒன்பதாவது கட்டத்தில் உன் விரல் நின்றது. “ஏண்டா இவ ஒருக்களிச்சுப் போறா?”

“அப்படித்தான் போனா. பாத்ததைப் போட்டேன்.”

நீ உன் நோட்டைப் புரட்டினாய். அந்தக் கதவை நீ காலையிலேயே அளந்து குறித்திருந்தாய்: இரண்டு அடிக்குச் சற்றுக் கூட. இடுப்பில் குடத்தோடு ஒருத்தி நேராக நுழைய முடியாத கதவு. எண் உன் நோட்டில்தான் இருந்தது. அது உனக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் சொன்னாய், “பிளான்ல ஆளே இல்லடா. ஆளில்லாத ஊட்டை வரையறதுக்குத்தான் நமக்கு மூணு வருசமாச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க.”

அந்த வார்த்தை உன்னுடையது. உன்னுடையதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இன்னொன்று என்னுடையது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விடுகிற வெள்ளை இடத்தில்தான் பார்க்கிறவர் நடக்கிறார், அந்த இடத்தில் கைவைக்கக் கூடாது என்று கல்லூரி வாசல் டீக்கடையில் சொன்னவன் நான். பிற்பாடு நீ அதை மேடை மேடையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாய். ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டியிருக்கிறேன்.

தேர்வு நடத்த வந்த பெரியவர் நம் படக்கதையைப் பார்த்துவிட்டு, “சினிமாவுக்குப் போற உத்தேசமாப்பா?” என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ குனியவில்லை. “எங்கப்பா மூணு கம்பெனி கட்டீட்டாருங்க சார். இன்னும் பிளானைத் தலகீழாத்தானுங்க புடிக்கறாரு. இதைக் குடுத்தா நேராப் புடிப்பாருங்க” என்றாய். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நாம் தேறினோம். அன்றைக்கு உன்னை எவ்வளவு நம்பினேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

படிப்பு முடிந்ததும் நீ அவிநாசி ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் திறந்தாய். நான் பல்லடத்தில் ஒரு மாடி அறையில் வீட்டு பிளான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய வேலை வரும்போதெல்லாம் கூப்பிடுவாய். நான் வரைவேன், கீழே உன் ஆபீஸ் பெயர் வரும். என் பெயரையும் போடக் கூடாதா என்று ஒரே ஒருமுறை கேட்டேன். “நாம ரெண்டு பேரும் வேற வேறயாடா?” என்று திருப்பிக் கேட்டாய். அதற்குப் பிறகு கேட்க வெட்கமாக இருந்தது. உன் கல்யாணத்தில் ஆபீஸ் ஆட்கள் எல்லாரையும் மேடைக்கு அழைத்துப் படமெடுத்தபோது என்னை மட்டும் பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். அதையும் நான் மறக்கவில்லை.

பிறகு உன் தாய்மாமன் தன் கம்பெனிக்கு ஹாஸ்டல் கட்ட வந்தார். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு. நான் பதினாறு பக்கம் வரைந்தேன். செல்வி என்ற பெண் பையோடு வந்து இறங்குவதில் தொடங்கி அவளுடைய முதல் வாரம் முழுக்க. மாமன் பிளானைத் தொடவே இல்லை. படக்கதையை விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஆறாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

“ஏனுங்க தம்பி, இந்தப் புள்ள காலைல சோறே திங்காமப் போயிருச்சுங்களே?”

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சாப்பாட்டுக்கூடத்தைக் கட்டடத்தின் பின்கோடியில் வைத்திருந்தோம். செல்வி குளித்து, உடுத்தி, அங்கே போய்த் திரும்பினால் ஷிப்ட் தொடங்கிவிடும். வரைந்த எனக்கே தெரியாமல் அவளைப் பட்டினியாக அனுப்பியிருந்தேன். பத்தாவது தாண்டாத மனிதர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றே சாப்பாட்டுக்கூடம் முன்பக்கம் வந்தது. காரில் திரும்பும்போது நீ ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டே வந்தாய். நாம் நினைத்தது சரி என்று ஒரு கட்டடமே நிரூபிக்கப் போகிறது என்று இருவரும் நம்பினோம். இருவரும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்காம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு கட்டத்தில் செல்வி பிழிந்த துணி நிறைந்த வாளியோடு நிற்கிறாள். அடுத்த கட்டத்தில் மொட்டைமாடி, கொடி, காற்று. வாரம் முழுக்க அவளுக்கென்று இருக்கிற ஒரே இடம் அதுதான்.

“நடுவுல மாடிப்படி வேண்டாமாடா?” என்று கேட்டாய்.

“வேண்டாம். பாக்கறவங்களே ஏறிக்குவாங்க.”

கட்டி முடித்துத் திறந்த அன்றைக்குக் கேமராவும் பதினாறு பக்கங்களுமாக வந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் அதே கோணத்தில் படமெடுத்துப் புத்தகமாக்கலாம் என்பது நம் திட்டம். கேட் சரியாக வந்தது. சாப்பாட்டுக்கூடம் சரியாக வந்தது. அறைக்குள் போனேன்; கோணம் அகப்படவில்லை. ஜன்னலின் அடி விளிம்பே என் தலைக்கு மேலே இருந்தது. மாடிப்படி இருக்க வேண்டிய இடத்தில் பூட்டுப் போட்ட ஸ்டோர் ரூம். வழி தவறிவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை வெளியே போய்த் திரும்பி வந்தேன்.

அங்கேதான் அந்த அம்மாள் நின்றிருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம். பக்கத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் மகள், தோளில் புதுப் பை. அம்மாள் கையில் என் பதினாறு பக்கமும் மலிவான தாளில் புத்தகமாக இருந்தது. அதை அச்சடித்து, ஆள் சேர்க்கிறவர்கள் வழியாக ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

“ஏய்யா, இந்தப் புள்ள வாளியோட நிக்கா. அடுத்த படத்துல மாடியில இருக்கா. ஏறுற வழி எங்கிட்டு இருக்கு?”

நீ பின்னாலேயே வந்தாய். “அம்மா, அது படமுங்க. அழகுக்கு நாலு சேத்தித்தானுங்க போடுவாங்க.”

“கேட்டு இருக்கு, சோத்துக்கூடம் இருக்கு, குழாயிக இருக்கு. எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா, படத்தப் பாத்துத்தான் ஒண்ணொண்ணா சரிபாத்துட்டு வாரேன். இது மட்டும் அழகுக்கா?”

நீ சிரித்தாய். என் தோளில் கைபோட்டாய். “வரைஞ்சவரே நிக்கறாருங்களே, இவரையே கேளுங்க.”

நம் பழக்கத்தில், இன்னொருவர் முன்னால் அது என் படம் என்று நீ சொன்னது அந்த ஒரே ஒருமுறைதான்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். “நீங்களாய்யா போட்டது? கால்விரலு அச்சா வந்திருக்குய்யா. இவளுக்கும் இப்படித்தான்.” அந்தப் பெண் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டது. பிறகு இருவரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள்.

“வேல இன்னும் முடியலீங்கம்மா. மாடிப்படி வருமுங்க” என்றேன்.

அத்தனை மரியாதையாக நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

அம்மாளின் முகம் தெளிந்துவிட்டது. “படம் போட்ட ஐயாவே சொல்லுறாக, பெறகென்ன” என்று புத்தகத்தை மகளின் பைக்குள் வைத்தார். “பத்திரமா வச்சுக்க. இதுல இருக்காப்புல மாடி வருதான்னு பாத்துக்கிட்டே இரு.” நீ, “உள்ள போ கண்ணு, டிபன் ஆறிப்போயிரும்” என்றாய். அம்மாள் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

கார் அருகில் நான் கத்தியது உனக்கு நினைவிருக்கும். நீ கத்தவே இல்லை.

“மாமன் வேண்டான்ட்டாரு. புள்ளைக மாடியில நின்னா எதுத்த கம்பெனிப் பசங்க வேலையுட்டுட்டு அண்ணாந்து பாப்பானுங்கன்னாரு. ஜன்னலும் அதுக்குத்தான். நா என்னடா பண்றது?”

“எனக்குச் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தையாவது எடுத்திருக்கலாம்.”

“எடுத்தா எவடா வருவா?” என்றாய். கார்க் கதவைத் திறந்து, உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாய்: “அப்பறம் ஒண்ணு. மாடிப்படி வரும்னு சொன்னது நீதாண்டா. நானா சொன்னேன்?”

அதற்குப் பிறகு உன் போனை நான் எடுக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். வேண்டுமென்றே தெரியாதவனைப் போல நண்பர்களிடம், அவனுக்கு என் மேல் பொறாமை என்று சொல்லி வைத்தாய். கல்லூரிகளில் செல்வியைத் திரையில் காட்டி, வாழ்கிற மனிதர்களிடமிருந்து கட்டடத்தைத் தொடங்குங்கள் என்று பேசினாய். நீ சொன்னது சரிதான். உன் மாணவர்கள் இன்றைக்குப் படக்கதை வரைந்து வீட்டைப் புரிந்துகொள்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால்தான் என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை. பொய்யான ஒன்றை வைத்து ஏமாற்றியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நாம் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த ஒரே உண்மையை வைத்து ஏமாற்றினாய்.

தாராபுரம் பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடம் தெரியும். மாடியில் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும் இருக்கின்றன. ஒருநாளும் துணி காய்ந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் எத்தனை ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கும், எப்போது பார்ப்பதை விட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போவேன். இறங்கி உள்ளே போய் விசாரித்திருக்கலாம். ஒருமுறையும் இறங்கவில்லை. இதை உன் கணக்கில் எழுதத்தான் இத்தனை வருடமும் முயன்றேன். பாதிதான் உன் பக்கம் போகிறது. மீதிப் பாதியை நான் வைத்திருக்கிறேன்.

நினைவு மலர்க்காரர்களுக்கு என் பெயரும் புகைப்படமும் வேண்டுமாம். பெயரைப் போட்டால் செல்வி எனக்குத் திரும்பக் கிடைப்பாள். கேட்கத் துணியாமல் இருந்ததெல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிடும். இன்று காலை இந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தின் கீழே பெயரை எழுதியும் பார்த்தேன். அதற்கு மேலே நீ ஏமாற்றியது இருந்தது, நான் பொய் சொன்னதும் இருந்தது. எழுதிய பெயர் முதலாவதற்குச் சாட்சி மாதிரித் தெரியவில்லை. இரண்டாவதை ஒப்புக்கொண்டது மாதிரித்தான் தெரிந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இந்தப் பக்கத்தை மறுபடி எழுதினேன். செல்வியின் படங்களை நீயே வைத்துக்கொள். பல்லடம் தபாலாபீஸ் திறந்திருக்கும் நேரம்தான். பெயரில்லாமல் மலருக்கு அனுப்புகிறேன்.