மரத்துக்குப் போட வேண்டிய அபராதம்

அன்பு அப்பாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் ஓட்டும் ரொட்டி வேனை ஒரே இடத்தில் நிறுத்தியதற்காக வந்த அபராதச் சீட்டுகளைக் கட்டாமலே விட்டிருந்தேன். லைசென்ஸ் போய்விடும் என்று நோட்டீஸ் வந்தது. இலவச சட்ட உதவி வக்கீலம்மாவிடம் ஓடினேன்.

"ஒளியாதம்மா. கெடு முடியறதுக்குள்ள நீயே கோர்ட்டுக்குப் போ. அந்த இடத்த போட்டோ எடுத்துட்டுப் போ" என்றார்.

போட்டோவில், வண்டி நிறுத்தக்கூடாது என்ற பலகையை மரக்கிளை முழுக்க மறைத்திருந்தது. நீதிபதியே சிரித்துவிட்டார்.

"அபராதத்த மரத்துக்குல்ல போடணும்!"

எல்லாம் ரத்து! வாசலிலேயே குதித்தேன் அப்பா.

அம்மா பயப்படுவார் என்று மறைத்திருந்தேன், இனி அவரிடமும் சொல்லலாம். உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம்.

ரொட்டி ஏற்றக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்