உடைப்பு என்று எண்ணி வாய்மடையை அடைத்தது குறித்து

அனுப்புநர்:
கு. லியோ,
முதலாம் ஆண்டு, கணினிப் பொறியியல்,
கல்லூரி விடுதி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: விடுதிக் காப்பாளர் என் தந்தைக்கு அனுப்பவுள்ள கடிதத்தில் ‘வேண்டுமென்றே’ என்று எழுதியிருப்பதை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தண்ணீர்ப் பஞ்சமுள்ள கமுதிப் பக்கத்துக்காரன். கம்ப்யூட்டர் படித்தால் நேராக அமெரிக்காதான் என்று சொல்லி ஊரே என்னை பஸ் ஏற்றிவிட்டது. இங்கு வந்தது முதல் சொட்டுகிற குழாய்களை மூடிக்கொண்டே திரிவதால் விடுதியில் எனக்கு ‘வாட்டர் போர்டு’ என்று பெயர்.

2. சென்ற 12ஆம் தேதி கல்லூரிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது, வரப்பில் ஒரு வெட்டு வழியாகத் தண்ணீர் கீழ் வயலுக்குக் கொட்டுவதைக் கண்டேன். எங்கள் ஊரில் உடைப்பைப் பார்த்தவன், வயல் யாருடையது என்று கேட்காமல் அடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். களிமண்ணும் புல்லும் வைத்து நன்றாக மிதித்து அடைத்தேன். அந்தப் பெருமையில் அன்று மெஸ்ஸில் இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன்.

3. அது உடைப்பல்ல, வாய்மடை என்பதும், இங்கே ஒரு வயலின் வழியாகத்தான் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்பதும் எனக்குத் தெரியாது. கீழ் வயல் அம்சவல்லி அம்மாளுடைய சம்பா நாற்றங்கால். அன்று அவருக்கு முறைத் தண்ணீர். தண்ணீர் பாய்ந்துவிடும் என்று நம்பி அவர் நாகப்பட்டினத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் முறை முடிந்துவிட்டது, நாற்று சுருண்டுவிட்டது.

4. அடைத்தது யார் என்று அவர் விடுதி வாசலில் கேட்டபோது, நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலை சீவிக்கொண்டு போய் நின்றவன் நான்தான். “அது தண்ணி போற வழி தம்பி, அதைப் போய் அடைப்பாங்களா?” என்று அழுதார். அந்த அழுகையை என்னால் மறக்க முடியவில்லை.

5. அன்றிலிருந்து தினமும் கல்லூரி மோட்டார் தொட்டியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து அந்த நாற்றுக்கு ஊற்றி வருகிறேன். இந்தப் பாடத்தில் மட்டும் நான் வகுப்பில் முதல். பாதி நாற்று பிழைத்துவிட்டது. ஒரு மாதம் விடுதி முற்றம் பெருக்கும் தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறேன்.

6. ஆனால் காப்பாளர் என்னை விசாரிக்காமலே, ‘வேண்டுமென்றே நீரைத் தடுத்துப் பயிரை அழித்தான்’ என்று எழுதியிருக்கிறார். கடிதம் திங்களன்று தபாலுக்குப் போகிறது. என் தந்தை குழந்தைராஜ், மழை பொய்த்த வருடங்களில் ஊரணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மிளகாய்ச் செடியைக் காப்பாற்றியவர். தெரிந்தே பயிரைக் காயவிட்டவன் தன் மகன் என்று படித்தால் அவர் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார். பேசவும் மாட்டார். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ஆகவே, கடிதத்தைத் தாங்கள் ஒருமுறை பார்வையிட்டு, ‘வேண்டுமென்றே’ என்ற அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, ‘முட்டாள்தனமாக’ என்று திருத்தி அனுப்ப உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதை என் தந்தை உடனே நம்புவார்.

இடம்: திருவாரூர்
நாள்: 18.9.1998

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
கு. லியோ