ஏரித் தெரு நீலமாகவில்லை

நவம்பர் 18, செவ்வாய்
மூன்றாவது நாளாக மழை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வெள்ளப் பிரிவில் ஒரு குடையும் காயவில்லை. காலையில் செயற்கைக்கோள் படம் வந்தது. ரேடார் படம், மேகம் மூடினாலும் தரை தெரியும். ஏஐ அதைப் படித்துத் தண்ணீர் நிற்கும் இடத்தை நீலமாக்கும். மற்றதெல்லாம் வெள்ளை. நான் சரிபார்த்து அனுப்பினால், படகு எங்கே போவது என்று முடிவாகும்.

முதலில் பார்த்தது அடி அண்ணாமலை. அண்ணன் வீடு அங்கே, ஏரிக்குக் கீழே. வயல் நீலம். அவன் இருக்கும் ஏரித் தெரு வெள்ளை.

அவனே போன் செய்தான். "பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்றாங்க. போணுமா?"

"உங்க தெருவுல தண்ணி காட்டலண்ணா."

"அப்ப இருக்கேன். மாட்ட விட்டுட்டு எங்க போறது."

மதியம் எலுமிச்சை சாதம். பாதி அப்படியே.

மூன்று மணி. அந்த ஊர் விஏஓ அம்மா போனில். "ஏரித் தெருவுல முட்டிக்கு மேல தண்ணிங்க. படகு லிஸ்ட்ல ஏன் இல்ல?"

நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் ரேடாரில் சரியாகத் தெரியாது. பயிற்சியிலேயே சொன்னார்கள். அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். அண்ணி போனும்.

அதிகாரியிடம் ஓடினேன். "சிஸ்டம் காட்டலயேம்மா. படகு வேற கம்மி."

"சிஸ்டம் தப்பு சார். நான் கையால குறிக்கிறேன். என் பேர்லயே போடுங்க."

அவர் படகு கேட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

நாலு மணி, தகவல் இல்லை. நாலே முக்கால், இல்லை.

ஐந்தரை. விஏஓ அம்மா. "எல்லாரையும் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. உங்க அண்ணனும் அண்ணியும் இருக்காங்க."

பாத்ரூமில் போய் அழுதேன்.

நவம்பர் 19, புதன்
தூறல். வாங்க: பால், கொசுவத்தி.

படத்தில் வெள்ளையாக இருக்கும் ஏரியோரத் தெருக்களை எடுத்து, ஒவ்வொரு விஏஓவுக்கும் நானே போன். இன்னும் இரண்டு தெருவில் தண்ணீர். சேர்த்தேன்.

அதிகாரி: "நல்ல வேள, சொன்னீங்க."

அண்ணி கூப்பிட்டாள். தண்ணீர் ஏறியதும் அண்ணன் மாட்டை அவிழ்க்கப் போயிருக்கிறான். அதற்குள் பள்ளத்தில் இருந்த கொட்டாய் முழுகிவிட்டது. செவலைப் பசு கட்டிய கயிற்றோடு செத்துப்போய்விட்டதாம். கட்டாமல் விட்ட கன்று மட்டும் பிழைத்தது.

நவம்பர் 20, வியாழன்
வெயில். லீவு போட்டு அடி அண்ணாமலை. தெருவெல்லாம் சேறு. அண்ணன் கொட்டாயைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மேப்ல சில நேரம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ணா. உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

அவன் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "உங்க அண்ணி தோச ஊத்துறா. சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். அவன் உள்ளே வரவில்லை.