சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட காற்றாடி

அன்பு குறையாத சபியாக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாராவியில் உங்கள் வீட்டுக்கு இப்போது ஒரு மராட்டிக் குடும்பம் குடிவந்திருக்கிறது. அந்த வீட்டு மருமகளுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை. உங்கள் தையல் மெஷின் இருந்த மூலையில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் அவள் என் வாசலில் வந்து நின்றாள். என் இட்லி அடுப்புக்குக் காற்று ஊதும் மோட்டார் காற்றாடி போடும் சத்தத்தில் பிள்ளை தூங்குவதில்லையாம். விடியுமுன்னே அலறி எழுந்துவிடுகிறதாம். இந்தியில், அழாத குறையாகச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பதினைந்து வருஷமாக ஓடுகிறது. இதே வீட்டில் சபியாக்கா இருந்தாள். ஒரு சொல் சொன்னதில்லை” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் வெடுக்கென்று சொன்னேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. “ஒரு தடவை என் வீட்டில் வந்து கேளுங்கள், ஆஜி” என்றாள். ஆச்சியைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

பேத்தி மகேஸ்வரியைக் காற்றாடியைப் போடச் சொல்லிவிட்டுப் போனேன். உங்கள் மௌத்துக்குப் பிறகு அந்த வாசலை நான் மிதித்ததே இல்லை. கடைசியில் நீங்கள் படுத்திருந்த சுவரோரமாக உட்கார்ந்தேன்.

அக்கா, சுவரே அதிர்ந்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் காதருகே ஆட்டுவதுபோல இருந்தது. மோட்டாரைத் தாங்கும் இரும்புத் தட்டை அந்தச் சுவரின் என் பக்கத்தில்தானே முடுக்கி வைத்திருந்தேன். பக்கத்திலேயே நிற்கும் எனக்கு இதில் பாதிகூடக் கேட்டதில்லை.

இதிலேயா படுத்துக் கிடந்தீர்கள்?

அப்போது ஒருநாள், “காத்தாடிய நிறுத்திட்டு ஊதுகுழல் வச்சு ஊதிக்கிடட்டுமாக்கா?” என்று கேட்டேன். “போ ஏளா, கூறுகெட்டவளே. அது கேட்டாத்தான் பக்கத்துல நீ இருக்கேன்னு எனக்குத் தெம்பா இருக்கு” என்றீர்கள். நானும் நம்பிக்கொண்டு வந்துவிட்டேன். அது மெய்யா, என் பிழைப்பு நிற்கக் கூடாதென்று சொன்னதா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

அன்று மத்தியானமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாலு திருகாணிகளையும் கழற்றினேன். சத்தம் கூடும்போதெல்லாம் இட்லித் தட்டில் தடவும் நல்லெண்ணெயைத்தான் அதிலும் விட்டிருக்கிறேன். அது சாம்பலோடு சேர்ந்து இறக்கைகளில் களியாக இறுகிப்போயிருந்தது.

“ஏ ஆச்சி, இதென்ன இட்லியா? மெஷின் எண்ணெல்லா விடணும்” என்று மகேஸ்வரி சிரித்தாள்.

அந்த எண்ணெய் உங்கள் வீட்டிலேயே இருந்ததே அக்கா. வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?

மண்ணெண்ணெய் தொட்டு, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு இறக்கையாகத் தேய்த்தேன். அச்சைத் துடைத்து மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். தட்டைச் சுவரிலிருந்து கழற்றி, தரையில் சைக்கிள் டியூப் துண்டு போட்டு அதன்மேல் இருத்தினேன்.

மறுநாள் பிள்ளை ஏழு மணிவரை தூங்கினானாம். தாய்க்காரி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. அந்த விடிகாலையில் காற்றாடி மூச்சுவிடுவதுபோல் ஓட, தொட்டில் கயிறு முனகுவதுகூடச் சுவர் வழியே கேட்டது. நீங்கள் மௌத்தானதும் அந்த நேரத்தில்தான்; இங்கே காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அன்று என்னைக் கூப்பிட்டீர்களா அக்கா?

இனி மாதம் ஒருமுறை பிரித்துத் துடைத்துவிடுவேன். ஒவ்வொரு நாளும் முதலில் சுவரில் காதை வைப்பேன். அந்தப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்த பிறகே சுவிட்சைத் தொடுவேன்.

இந்தப் பக்கத்துத் தங்கச்சி,
பேச்சியம்மாள்