காத்மாண்டு வெயிலில் கண்மூடி உட்கார்ந்தவர்கள்

என் மச்சான் ஏழுமலைக்கு, நீ எங்கே இருந்தாலும் இது உன் காதில் விழட்டும்.

உன் முதல் வருஷத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கலாமா என்று கடைத்தெருவில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தேரடித் தெருச் சுவரில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு அதன் எதிரே கடையைத் திறக்கும் தைரியம் எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக, நாலு பேர் படிக்கிற மாதிரி இந்தக் கடிதம்.

காத்மாண்டு போய்விட்டு வந்தேன் மச்சான். மாலை விற்கத் தொடங்கிய நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த பயணம். ருத்திராட்சம் விளைகிற நாட்டுக்கே போய் நேரில் வாங்கவேண்டும் என்று நான் சொல்வேன். "போலாம் மாப்ள, நீ பேரம் பேசு, நான் ஜெர்கின் போட்டுக்குனு பனிமலைய பாக்கறேன்" என்று நீ சொல்வாய். போன வேலை நன்றாகவே முடிந்தது. சரக்கு சுத்தம். ஆனால் உனக்கு எழுதுவது அதற்காக இல்லை.

நீ போன காலையைப் பற்றி நான் ஊருக்குச் சொன்ன கதையில் ஒரு பகுதி இல்லை. உன் தங்கச்சி வசந்திக்கும் சொல்லவில்லை, கட்டிய பெண்டாட்டிக்கே சொல்லவில்லை. அந்தப் பகுதி காத்மாண்டுவில் என்னைத் தேடி வந்தது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தை அமாவாசைக் காலை, கிரிவலத்தில் அடி அண்ணாமலை தாண்டியதும், "காலு இழுக்குது, நீ போய் டீ சொல்லு, பின்னாடியே வர்றேன்" என்றாய். நான் போய் டீ சொன்னேன். நீ வரவில்லை. தேடித் திரும்பி வந்தேன். இந்தத் திரும்பி வந்ததைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மலைப்பக்கம், ஒரு சுவரில் சாய்ந்து, சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். நம் ஊரில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களை யார் தொடுவார்கள்? செங்கம் ரோட்டில் மரத்துக்கு ஒருவர் அப்படித்தான் இருக்கிறார். அவர்களை நம்பித்தானே நம் கடையே நடக்கிறது. எனக்குச் சிரிப்புகூட வந்தது. பத்தடி தள்ளி நின்று, "என்னா மச்சான், நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றேன். நீ அசையவில்லை. தியானத்தைக் கலைக்கக்கூடாது என்று திரும்பிப் போய் டீயைக் குடித்தேன். கால் மணி நேரம் கழித்து வந்து தோளைத் தொட்டபோது நீ அப்படியே சரிந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சரி, காத்மாண்டுவுக்கு வருகிறேன்.

விமானம் இறங்கியதும் கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. கைக்கடிகாரம் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் சரியாகக் கால் மணி நேரம். கடிகாரம் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தேன். டாக்சிக்காரர் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கினார்: "கெட்டுப்போகல சார். நாங்க உங்களவிட கால் மணி நேரம் முன்னாடி இருக்கோம்." நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று நாட்டுக்கு நாடு மாறும் என்று தெரியும். கால் மணி நேரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்ட ஊர் உண்டென்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன்.

மறுநாள் காலை பழைய கடைவீதிக்கு நடந்தே போனேன். பனிமூட்டம். ஐந்தடி முன்னால் போகிறவரின் காலடிச் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. செங்கல் வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சிலவற்றுக்கு நிலநடுக்கத்துக்குப் பிறகு கொடுத்த முட்டுக் கட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. நடுரோட்டில் சாமி இருக்கிறது. பைக்குகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. செந்தூரம் பூசிப் பூசி அந்தச் சாமிக்கு மூக்கு, வாய் எதுவும் மிச்சமில்லை. அதையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறார்கள். ஒரு முக்கில் மரக்கட்டை ஒன்று, உடம்பெல்லாம் காசு வைத்து ஆணி அடித்து, செதில் முளைத்த மிருகம் மாதிரி கிடந்தது. பல்வலி போக வேண்டுதலாம். அத்தனை பேருடைய வலியும் அந்த ஒரு கட்டையில். நான் ஒதுங்கி நடந்தேன்.

ஒன்பது மணி வாக்கில் மூட்டம் விலகி வெயில் விழுந்தது. அப்போதுதான் அது நடந்தது மச்சான். வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வெயில் விழுகிற சுவராகப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, வரிசையாக. பேச்சில்லை. பனிக்காலத்தில் வெயில் காய்வது அந்த ஊர்ப் பழக்கம் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் தெரியாது. ஒவ்வொரு சுவரிலும் நீ உட்கார்ந்திருந்தாய்.

ஒவ்வொருவர் நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து, அவர்கள் பாஷையில் நன்றாக ஏசினார். அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

ருத்திராட்ச மொத்த வியாபாரியின் கடை மாடியில். எனக்கு முன் இரண்டு டீ வைத்தார். ஒருவன்தான் வந்திருக்கிறேன் என்றேன். "கூட வந்தவர் மேல வரலையா? சந்துல உங்க பின்னாடி நின்னாரே" என்றார். எட்டிப் பார்த்தேன். சந்தில் ஐம்பது பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் எவனாவது ஒருவன் என் பின்னால் நின்றிருப்பான். நான் வியாபாரி, காரணம் இல்லாமல் எதையும் நம்ப மாட்டேன். ஆனாலும் அந்த இரண்டாவது டீயை நான் தொடவில்லை. அவரும் எடுக்கவில்லை. பேரம் முடியும் வரை அதிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

சாயங்காலம் பெரிய புத்த ஸ்தூபிக்குப் போனேன். வெள்ளைக் குன்று மாதிரி கட்டி, உச்சியில் நாலு பக்கமும் கண் வரைந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் அது நம்மைப் பார்க்கும். ஜனங்கள் நம் கிரிவலம் போலவே வலமாகச் சுற்றுகிறார்கள். என் கால் தானாக இடது ஓரத்துக்குப் போனது. நம் ஊரில் மலைப்பக்கத்தைச் சித்தர்கள் நடக்க விட்டுவைப்போமே, அந்தப் பழக்கம்.

அந்தப் பக்கத்துச் சுவரில், கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். முதல் சுற்றில் தாண்டிப் போனேன். இரண்டாவது சுற்றில் வெயில் போய்விட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டார்கள். அவர் மட்டும் அப்படியே இருந்தார். நான் நின்றேன். எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்று பார்த்தேன். பத்தடி.

விளக்கு விற்கிற பெண், "தொடாதீங்க, தியானத்துல இருக்கார்" என்றார்.

"இருக்கட்டும்மா" என்று போய்த் தோளைத் தொட்டேன். கம்பளி ஜில்லென்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. உலுக்கினேன். மெதுவாகக் கண் திறந்தது. என்னைப் பார்த்து, தெரிந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்து, இந்தியில் கேட்டார்: "இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

"டீ குடிச்சிட்டு இருந்தேன்" என்றது என் வாய். தமிழில்.

கையை நீட்டினார். தூக்கி விட்டேன். மரத்துப்போன காலை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் கலந்துவிட்டார். யாரையோ எதிர்பார்த்துத் தூங்கிப்போனவர், என்னை அந்த ஆள் என்று நினைத்திருப்பார். அப்படித்தான் இருக்கவேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்?

அங்கேயே நின்று வசந்திக்குப் போன் போட்டேன்.

"உங்க அண்ணன அன்னிக்கி ஒரு தரம் முன்னாடியே பாத்துட்டேன் வசந்தி. தியானம்னு நெனச்சி விட்டுட்டுப் போயிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இன்னொன்றும் அடித்தது.

"அப்ப மூச்சு இருந்துச்சாங்க?"

"தெரியல. கிட்ட போகல."

"கிட்ட போகல" என்று திருப்பிச் சொன்னாள். கோபம் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல். "ஊருக்கு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

வந்து ஒன்பது நாள் ஆகிறது. சோறு போடுகிறாள், துணி எடுத்து வைக்கிறாள், பேச்சு மட்டும் கிடையாது. நேற்றுக் காலை சட்டை மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள். "அந்த எடத்த எனக்குக் காட்டுங்க" என்றாள். அவ்வளவுதான்.

உனக்கு இரண்டு வாக்கு தருகிறேன் மச்சான். ஒன்று, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற யாரையும் இனித் தொட்டுக் கேட்காமல் தாண்டிப் போக மாட்டேன். செங்கம் ரோட்டில் ஏற்கனவே மூன்று பேரிடம் திட்டு வாங்கிவிட்டேன். ஒருவர் நம் கடை வாடிக்கையாளர். இனி வர மாட்டார். போகட்டும்.

இரண்டு, வருகிற அமாவாசை உன் திதி. அன்று வசந்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டுவேன். நான் நின்ற இடத்தையும் மறைக்காமல் காட்டுவேன். நடுவில் இருக்கிற பத்தடியை அவளே நடந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் பேரம் பேச மாட்டேன்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் மாப்ள
சேகர்