முப்பத்தைந்து எழுத்து

இல்லை, இன்னும் அவளிடம் சேர்க்கவில்லை. உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. விரித்தால் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாம் சேர்ந்து உட்கார்ந்த மேசையின் வாசனை.

நீ இறந்த மூன்றாம் நாள் உன் அம்மி இதை என்னிடம் நீட்டினார். உங்கள் வீட்டில் எல்லோரும் உருது வாசிப்பார்கள். இது யாருக்கும் பிடிபடவில்லை.

"கம்பெனி நோட்டாம்மா? உன்துதானே?"

"ஆமா அம்மி."

பொய்.

குர்முகி. ஜலந்தரிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்த ஹர்ப்ரீத்துக்காக நீ கற்ற பஞ்சாபி எழுத்து. மேலே ஒரு கோடு. கம்பியில் காயப்போட்ட தோல்கள் மாதிரி அதில் தொங்கும் எழுத்துகள். சாப்பாட்டு நேரம் முழுக்க இருவரும் அதன்மேல் குனிந்திருப்பீர்கள். பிரிக்காத பிரியாணிப் பொட்டலத்துடன் நான் எதிரே.

பஞ்சாபியை உங்கள் உருது எழுத்திலும் எழுதலாம், பாகிஸ்தானில் அப்படித்தான் என்று நீயே சொன்னாய்.

"அப்ப அதுலயே எழுதேண்டி."

"அவளுக்கு அது படிக்க வராதே."

"எனக்கு உருது சொல்லிக்குடுன்னு காலேஜ்லேர்ந்து கேக்கறேன்."

"உனக்கு எதுக்குடி? நமக்குத்தான் தமிழ் இருக்குல்ல." சிரித்தாய். "இன்னா மூஞ்சி இது? ஜாஸ்தி பொறாமப்படாத, தோஸ்த்."

பொறாமைதான். அவள் ஊர் திரும்பிய பிறகும். நான்கே நாள் காய்ச்சலில் நீ போன பிறகும்.

ஹர்ப்ரீத் போனில் அழுதாள். தனக்காக நீ ஏதோ எழுதி வைத்திருந்தாயாம். அந்த நோட்டு எங்கே? அரைகுறை இந்தியில் தெரியாது என்றேன்.

உன் நாற்பதாம் நாளுக்குள் முப்பத்தைந்து எழுத்தையும் போனைப் பார்த்துக் கற்றேன். பிறகு நம் கால், கொம்பு மாதிரி ஒட்டுக்குறிகள். வாசிக்க வந்தது. புரியவில்லை. மொழிபெயர்க்கும் செயலிக்கு உன் கையெழுத்து பிடிபடவில்லை; நானே தட்டிப் போட்டாலும் உளறியது. என் வாய் உன் சொற்களைச் சொல்கிறது. அர்த்தம் முழுவதும் ஜலந்தரில் இருக்கிறது. அவளுக்கும் முன்பே இந்த நோட்டை வாசித்தவள் நான். அதுவும் போதவில்லை.

பதினொன்றாம் பக்கத்தில் என் பெயர். மூன்று முறை. நீ அவளிடம் என்னைப் பற்றிச் சொன்னது. கேலியா, புகாரா, வேறு ஏதாவதா. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை, அவள் எனக்குச் சொல்லுவாள்.

நேற்று மதியம் ஹர்ப்ரீத்தை அழைத்தேன். நோட்டு இருக்கிறது என்றேன். முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்தேன். என் உச்சரிப்புக்குச் சிரித்தாள். பத்தாம் பக்கம் முடிந்ததும் பதினொன்றை வாசிக்காமல் தாளைப் புரட்டினேன். மேலே வாசித்தேன்.